உடற்பருமன்: அறுவை சிகிச்சையா, வாழ்க்கைமுறை மாற்றமா என எப்படி முடிவெடுப்பது?

முதலில் உங்கள் உடல் நிறை குறியீட்டெண்ணைக் கணக்கிடுங்கள்: கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 35. ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று 2022-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது. பரிசீலிப்பது வேறு, உடனே செய்துகொள்வது வேறு.

உணவியல் நிபுணரின் துணையுடன் சில மாதங்களாவது முறையாக முயன்று பாருங்கள். மதியத் தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய்கறியாலும் சுண்டலாலும் நிரப்புங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடங்கள். எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைந்தாலே, சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களுக்கு அந்நோய் வரும் அபாயம் கணிசமாகக் குறைகிறது.

குறைந்த எடை திரும்ப ஏறினால் உங்களைப் பழித்துக்கொள்ளாதீர்கள். எடை குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகரிப்பதும், உடல் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுவதும் மன உறுதிக் குறைவல்ல, உடலின் இயல்பு.

உடற்பருமனுக்கான அறுவைகளில் ஒன்றான ‘ஸ்லீவ்’ அறுவையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல், கிரெலினைப் பெருமளவு சுரக்கும் பகுதியோடு சேர்த்து அகற்றப்படுகிறது. தொடக்க வாரங்களில் நீராகாரம்தான்; பின்னர் அரை இட்லியையே நிதானமாக மென்று உண்ண வேண்டியிருக்கும். நெஞ்செரிச்சல் இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள், ஏனெனில் இவ்வகை அறுவை அதை மோசமாக்கக்கூடும். வைட்டமின் மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனைகளும் வாழ்நாள் முழுதும் தொடரும். பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.