டெக்சாஸில் கணக்கு டீச்சர் ஆக: என் டிகிரி சிக்கல் தீர்ந்த விதம்

அமெரிக்காவின் டெக்சாஸில் பி.எட். இல்லாமலே, வேறு பட்டம் படித்தவர்களுக்கான மாற்று வழி ஆசிரியர் சான்றிதழ் (alternative certification) மூலம் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தலாம் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தேன். திரும்பி வந்துவிட்டது. வெளிநாட்டுப் பட்டம் அங்கே எதற்கு ஈடு என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு நம் மூன்று வருட பி.எஸ்சி.யை மட்டும் அனுப்பியிருந்தேன், அது அங்குள்ள நான்கு வருட இளங்கலைக்கு ஈடாகவில்லை, போதாததற்குப் பாடவாரி மதிப்பீட்டுக்கும் நான் பணம் கட்டவில்லை. அப்புறம் எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து, பல்கலைக்கழக முத்திரை வைத்த உறையைப் பிரிக்காமலே, மாநிலம் ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே கிரெடிட், கிரேடு என்று வரிசையாகப் போட்டு வந்தது, ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) குறைந்தது 2.5 வேண்டும் என்ற வரம்பையும் தாண்டியிருந்தேன். சரி, அடுத்து 7 முதல் 12ஆம் வகுப்பு வரை கணக்கு நடத்துவதற்கான ஆசிரியர் தேர்வு, எண் 235. அதில் தேறிய பிறகுதான் ஓராண்டு இன்டர்ன் சான்றிதழும் (பயிற்சிக் காலத்தில் பாடம் நடத்துவதற்கான தற்காலிக அனுமதி) சம்பளத்தோடு வகுப்பும் கிடைத்தன. எம்.எஸ்சி. இருந்தால் தயவுசெய்து முதல் தடவையே சேர்த்து அனுப்புங்கள், எனக்கு ஒரு கல்வியாண்டே போய்விட்டது.