சனிக்கிழமை யூதர் ஜெப ஆலயத்துக்குப் போகும் முன்

லண்டனிலோ டொராண்டோவிலோ யூத நண்பர் ஒருவர் சனிக்கிழமை வழிபாட்டுக்கு அழைத்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் நம் கோயிலைப்போல நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. ஒரு வாரம் முன்பே உங்கள் முழுப்பெயர், வரும் தேதி, அழைத்தவர் பெயர் மூன்றையும் ஆலய அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். பெரிய பை வேண்டாம். அடையாள அட்டை போதும்.

வாசலில் காவலர் கேள்வி கேட்டால் மனத்தாங்கல் வேண்டாம். 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் சனிக்கிழமை காலை வழிபாட்டுக்கு வந்தவர்களில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில், யூதர்களின் புனித நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று, துப்பாக்கியோடு வந்தவன் ஜெப ஆலயத்துக்குள் நுழையாமல் தடுத்தது தாழிட்ட கதவுதான். வெளியே அவன் இருவரைக் கொன்றான். 2008இல் மும்பையில் யூத மையமான நரிமன் ஹவுஸும் தாக்கப்பட்டது நினைவிருக்கும்.

அது எந்தப் பிரிவின் ஆலயம் என்று முதலிலேயே நண்பரிடம் கேளுங்கள். பெரும்பாலான தவறுகள் இதைக் கேட்காததால்தான் வருகின்றன. பழைய மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ஆலயத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அமர்வார்கள். வெள்ளி மாலை தொடங்கி சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், ஷபாத் என்னும் ஓய்வுநாள். அப்போது அவர்கள் விளக்கைப் போடுவதில்லை, எழுதுவதில்லை, பணத்தைத் தொடுவதில்லை. ஆகவே செல்போனை வெளியே எடுக்காதீர்கள். படம், குறிப்பு, காணிக்கை எதுவும் கூடாது. சீர்திருத்தப் பிரிவில் குடும்பமாகச் சேர்ந்தே உட்காரலாம், இசைக்கருவிகூட ஒலிக்கலாம்.

ஆண்கள் தலையை மூடவேண்டும். கிப்பா என்னும் சிறு தொப்பி வாசலிலேயே ஒரு பெட்டியில் இருக்கும். பக்கத்தில் தொங்கும் குஞ்சம் வைத்த சால்வை யூதர்களுக்கு உரியது, அதை எடுக்காதீர்கள். சேலை நல்ல உடைதான். தோளும் இடுப்பும் மறைந்திருந்தால் போதும். செருப்பைக் கழற்ற வேண்டாம். (1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயத்தில் கழற்றவேண்டும், அது கொச்சி வழக்கம்.) சுவஸ்திகா பொறித்த பதக்கமோ மோதிரமோ இருந்தால் வீட்டில் வைத்துவிடுங்கள். அங்கே அது ஹிட்லரின் நாஜிகளை நினைவூட்டும். நமக்கு அது மங்கலச் சின்னம் என்பதை அந்த வாசலில் நின்று விளக்குவது யாருக்கும் சுகமான வேலையல்ல.

காலை வழிபாடு இரண்டு, மூன்று மணி நேரம் நீளும். ஜெபப் புத்தகத்தின் எபிரேய வரிகளை வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். புத்தகத்தைத் தரையில் வைக்காதீர்கள். யூத வேதமான தோரா எழுதிய சுருள் இருக்கும் பேழையைத் திறக்கும்போது எல்லாரும் எழுவார்கள், நீங்களும் எழுங்கள். சுருளைத் தொடக்கூடாது, வாசிப்பவரே வெள்ளிக் குச்சியால்தான் வரியைச் சுட்டுவார். தெரியாத ஜெபத்தில் வாயசைக்க வேண்டியதில்லை.

பேச்சில்தான் கவனம் கூடுதலாக வேண்டும். "உங்கள் ஆட்கள் பணத்தில் கெட்டிக்காரர்கள்" என்பது பாராட்டாகாது. இடைக்கால ஐரோப்பாவில் பல இடங்களில் யூதர்களுக்கு நிலமும் கைவினைஞர் குழுக்களில் இடமும் மறுக்கப்பட்டன, கிறிஸ்தவர்கள் வட்டி வாங்கத் திருச்சபை தடை போட்டது. சிலர் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டனர், பழி எல்லார்மேலும் விழுந்தது. இயேசுவின் சாவுக்கு யூத இனமே பொறுப்பு என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையே 1965இல் மறுத்துவிட்டது. இஸ்ரேல் அரசு செய்வதற்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கணக்குக் கேட்காதீர்கள். கண்டிப்பான வாத்தியாரை ஹிட்லர் என்று சொல்லிச் சிரிக்கும் நம்மூர்ப் பழக்கத்தையும் அங்கே மறந்துவிடுங்கள்: ஹிட்லர் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட கதை அவர்களுக்குக் குடும்பக் கதை.

கேட்கத்தக்கவை ஏராளம்: இந்த வாரம் வாசித்த பகுதி எது, இந்த ராகம் எந்த ஊர் வழக்கம், உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது. "ஷபாத் ஷாலோம்" (அமைதியான ஓய்வுநாள்) என்று வாழ்த்துங்கள். எதிர்பாலினரிடம் கைகுலுக்க நீங்களாகக் கை நீட்டாதீர்கள்.

வழிபாடு முடிந்ததும் திராட்சை ரசமும் ரொட்டியும் வரும். வீட்டில் செய்த லட்டு கொண்டுபோகாதீர்கள். சைவம்தானே என்று தோன்றும். ஆனால் சமைத்த பாத்திரமும் கோஷர் என்னும் யூத உணவு விதிக்கு உட்பட்டிருக்கவேண்டும். ரொட்டிக்கு முன் கை கழுவியவர் பேசாமல் இருந்தால் கோபமில்லை, ஆசி சொல்லும்வரை அவர் பேசமாட்டார். நன்றிச் செய்தியைச் சனி இரவு அனுப்புங்கள். அதற்கு முன் அனுப்பினால் அவர் பார்க்கமாட்டார்.