பிள்ளைகளோடு பானை ஓடு தேடப் போகிறீர்களா? நான் செய்த தப்புகளைச் செய்யாதீர்கள்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மதுரைக்குக் கிழக்கே, வைகையை ஒட்டிய மேட்டுக்காடுகளில் நடந்து பாருங்கள். மேல்மண் கரைந்து ஓடிப்போய், உள்ளே இருந்ததெல்லாம் ஓடு ஓடாக வெளியே தெரியும். பெரும்பாலும் உடைந்த பானைதான். எப்போதாவது ஒரு பாசிமணி, சங்கு வளையல் துண்டு, இரும்பு உருக்கிய கசடு. இதைப் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மகளையும் தங்கச்சி மகனையும் கூடக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது, அவனுக்கு ஐந்து. இந்த ரெண்டு வருஷத்தில் பிள்ளைகள் செய்த தப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, செய்ததெல்லாம் நான்தான், அதனால் என்னைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

முதல் தப்பு வீட்டு வாசலிலேயே நடந்தது. கிளப்பிக்கொண்டு போகும் ஆர்வத்தில் "வாங்க, புதையல் தேடப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். பையன் மணல் விளையாட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டான், மகள் தங்கம் போடுவதற்கு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டாள். காட்டில் பத்தே நிமிஷம். "மாமா, தங்கம் எங்க?" அதற்கப்புறம் நான் எந்த ஓட்டைக் காட்டினாலும் அது தங்கமாக இல்லாத ஒரு பொருளாகத்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த தடவை "யாரோ உடைச்ச பானையைப் பார்க்கப் போறோம்" என்றேன். உடனே கேள்வி வந்தது: "யாரு உடைச்சா?" அன்று முழுக்க அதுதான் பேச்சு. பூனை தட்டிவிட்டதா, அந்தக் காலத்துச் சின்னப்பிள்ளை போட்டதா, அவங்க அம்மா திட்டினார்களா. ஐந்து வயதுக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரிந்து கிடையாது. புதையல் ஆசை பெரியவர்களுக்கு உள்ளது, நாமாகப் போய் அதைப் பிள்ளைகளுக்கு ஒட்டிவிட வேண்டாம்.

அந்த மண்வெட்டி விஷயத்துக்கு வருகிறேன். தோண்டவே கூடாது, ஒரு சாண் கூட. "சும்மா சுரண்டிப் பார்க்கட்டுமே, பிள்ளைதானே" என்று நானும் விட்டேன், பிற்பாடுதான் உறைத்தது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது, 2 மீட்டர் ஆழத்தில் எடுத்த இன்னொன்று கி.மு. 205 என்று வந்தது. எது எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அங்கே வரலாறே எழுதப்படுகிறது. பீரோவில் அடுக்கி வைத்த சேலைகளில் அடியில் இருப்பதைப் பிடித்து உருவினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளிடம் கேட்டேன், வீட்டில் ஒருநாள் அதைச் செய்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

தோண்டும் ஆசையை அடக்கவும் முடியாது, அதனால் வீட்டிலேயே ஒரு வழி செய்தேன். பழைய பிளாஸ்டிக் தொட்டியில் அடியில் செம்மண், அதில் உடைந்த அகல்விளக்கும் ஒரு பித்தளை வளையமும். நடுவில் ஆற்று மணல், அதில் ஒரு பழைய பத்துப் பைசா. மேலே தோட்டத்து மண், அதில் பேனா மூடியும் சாக்லேட் தாளும். கையில் ஒரு பெயிண்ட் பிரஷைக் கொடுத்து, ஒவ்வொரு நிறத்து மண்ணும் முடிகிறவரை அடுத்ததைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ரெண்டு மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. கடைசியில் "மேல இருக்கிறது நேத்து, கீழ இருக்கிறது ஆத்தா காலம்" என்று பையனே சொன்னான்.

யூடியூபில் இங்கிலாந்துக்காரர்கள் வயலில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பதைக் காட்டிவிட்டு, அதை இங்கே செய்யலாம் என்று நினைப்பது இன்னொரு கிறுக்குத்தனம். அங்கே நில உரிமையாளர் அனுமதி, கிடைத்த தங்கம் வெள்ளியைத் தெரிவிக்க 1996-ஆம் வருஷத்துச் சட்டம் என்று அவர்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. நமக்கு உள்ளது வேறு. 1878-இல் வந்த புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது: மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்பது அந்தக் காலத்துப் பத்து ரூபாய், ஆனால் எழுத்தில் அப்படியேதான் நிற்கிறது. 1972-ஆம் வருஷத்துச் சட்டமோ நூறு வருஷம் ஆன காசு, சிற்பம், கைவேலைப் பொருள் எல்லாவற்றையும் தொல்பொருள் என்கிறது, சுவடிகளுக்கு 75 வருஷமே போதும். பிள்ளைகளிடம் இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை. பையில் டிடெக்டருக்குப் பதில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கனமாக, துளை துளையாக இருக்கும் கசடின் மேல் வைத்தால் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. அதிலேயே அரைமணி ஓடிவிடும்.

இப்போது பெரிய தப்பு. ஒரே காலையில் ரெண்டு மேடு பார்த்தோம். வீட்டுக்கு வந்து பையனின் கால்சட்டையைத் துவைக்கப் போட்டபோது ரெண்டு பையிலிருந்தும் ஓடுகள் கொட்டின, முப்பதுக்கு மேல் இருக்கும். என் தங்கச்சி கத்தினாள், அது வேறு கதை. பேப்பரில் பரப்பி வைத்துப் பார்த்தால் நல்ல நல்ல ஓடுகள், ஒன்றில் கீறல் குறி மாதிரிகூட இருந்தது. எந்த மேட்டில் எடுத்தது? அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் அவை வெறும் ஓடுகளாகிவிட்டன. எங்கே கிடந்தது என்று தெரியாத ஓட்டுக்குச் சொல்ல ஒன்றும் கிடையாது, பெயரும் ஊரும் சொல்லத் தெரியாத ஆளைப் போல.

அன்றிலிருந்து ஒரே சட்டம்: எடுத்துப் பார்க்கலாம், தடவலாம், மோந்துகூடப் பார்க்கலாம், பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை இருந்தால் தொடுவதும் இல்லை, பார்ப்பது மட்டும். பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஒரு போட்டோ, அளவு தெரிவதற்கு. மகளிடம் ஒரு நோட்டு இருக்கிறது, தேதி, எந்த மேடு, பக்கத்தில் என்ன மரம், ஓட்டின் படம். படம் வரைவதால் அவள் பார்ப்பதே மாறிவிட்டது. விளிம்பு வளைவதை, உட்பக்கம் சக்கரம் சுற்றிய வரி ஓடுவதை எல்லாம் அவள்தான் எனக்குக் காட்டுகிறாள்.

எதையாவது "பழசு" என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் தப்புதான். பிள்ளைக்குக் காரணம் வேண்டும். கருப்பு சிவப்பு ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, மேலே வழவழப்பு. ஏன் இப்படி? பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளேயும் வாய்ப்பக்கமும் காற்றுப் போகாமல் கறுத்துவிடும், வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம். இதைச் சொல்லிவிட்டு வீட்டில் இருக்கும் தண்ணீர்ப் பானையின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டினேன். இது ஏன் உள்ளேயும் சிவப்பு என்று அவர்களே கேட்டார்கள்.

சுத்தம் செய்கிற வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை. இது காட்டில் நடந்ததல்ல, எங்கள் அப்பத்தாவின் தகர டப்பாவில் இருந்த ஒரு செப்புக் காசு. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எடுத்தவன், பச்சை பிடித்திருக்கிறதே என்று புளியைப் போட்டுத் தேய்த்தேன். குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று ஆனது, எழுத்து பாதி போய்விட்டது. அந்தப் பச்சைப் படலத்தில்தான் எழுத்தின் மேடு பள்ளம் நின்றுகொண்டிருந்திருக்கிறது. புளி, எலுமிச்சை, பல் துலக்கும் பிரஷ், எதுவும் வேண்டாம். இதே கையோடு கல்வெட்டுப் பக்கமும் போகக் கூடாது. எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் பூசுவது, மாவு தடவுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் பாறையை நாசம் செய்யும். மாங்குளம் மலையில் ரெண்டாயிரம் வருஷத்துத் தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது, அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால், தானாகவே எழும்பித் தெரிகிற எழுத்துக்கு எதற்குச் சாக்பீஸ்?

தாழி விஷயத்தில் நான் சறுக்கியது கொஞ்சம் மோசம். எங்கள் பக்கம் ஒரு கதை சொல்வார்கள்: அந்தக் காலத்தில் ஆட்கள் சாகவே மாட்டார்கள், வயதாகி வயதாகிச் சுருங்கிக் கைப்பிள்ளை மாதிரி ஆனதும் தாழிக்குள் வைத்து, விளக்கும் சாப்பாடும் வைத்து மூடிவிடுவார்கள் என்று. சின்ன வயதில் நான் கேட்டு ரசித்த கதை, அப்படியே சொல்லிவிட்டேன். பையன் மூன்று ராத்திரி தூங்கவில்லை. நான்காம் நாள் "நம்ம அம்மாச்சியையும் பானைக்குள்ள வைப்பாங்களா?" என்றான். பிறகு ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே குழியில் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள், நடந்துகொண்டே கீழே பார்க்கலாம். இறந்தவர்களை, அவர்களுடைய பாத்திரங்களோடு, பத்திரமாக வைத்த இடம் என்று நேராகச் சொன்னேன். "அப்ப இது சாமி கும்பிடுற இடம் மாதிரியா?" "கிட்டத்தட்ட." அவ்வளவுதான், பயம் போய்விட்டது. சாவைப் பற்றி நேராகப் பேசினால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள், நாம்தான் பேயையும் சாகாத கிழவியையும் நடுவில் கொண்டுவருகிறோம்.

உடனே திருத்துவதும் எனக்கு இருந்த கெட்ட பழக்கம். பையன் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான், "கோடாலி!" நான் "இல்லடா, சும்மா கல்லு" என்பேன், முகம் தொங்கிவிடும். 1863-இல் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பார்த்து, கற்காலத்து மனிதர் செதுக்கிய கைக்கோடாலி என்று கண்டுகொண்டார். அவர் நிலவியல்காரர், பாறையையே பார்த்துப் பழகிய கண். அந்தக் கண் வருவதற்கு நூறு சும்மா கல்லைத் தூக்கத்தான் வேண்டும். இப்போதெல்லாம் "எந்தப் பக்கம் பிடிச்சு வெட்டுவே, காட்டு" என்கிறேன். ரெண்டு பக்கமும் தட்டிச் செதுக்கிய தழும்பு இருக்கிறதா என்று அவனே திருப்பிப் பார்க்கிறான். பெரும்பாலும் அவனே "இது சும்மா கல்லு" என்று போட்டுவிடுகிறான். சென்னைக்காரர்கள் பிள்ளைகளைப் பூண்டி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போய் நிஜக் கைக்கோடாலியைக் காட்டிவிட்டு ஆரம்பித்தால் நல்லது.

அருங்காட்சியகம் என்றதும் நினைவுக்கு வருகிறது, 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தை ஒரே நாளில் முழுக்கப் பார்த்துவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனேன், பாதியில் ரெண்டும் தரையில் உட்கார்ந்துவிட்டன. ஒரு தடவைக்கு மூன்று பொருள் போதும். எங்களுக்கு வட்டச்சில்லு, தாயக் கட்டை, தந்தச் சீப்பு. சில்லைப் பார்த்ததும் மகள் வாசலுக்கு ஓடிப்போய்க் கோடு போட்டுப் பாண்டி ஆட ஆரம்பித்துவிட்டாள்.

மற்றவை சட்டென்று. காட்டுக்காரரிடம் கேட்காமல் நுழையாதீர்கள், பிள்ளை முன்னாலேயே கேளுங்கள், அதையும் கற்றுக்கொள்ளும். செருப்பு வேண்டாம், ஷூ, பாம்பும் முள்ளும் இருக்கிற இடம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கிறதா என்று முதலில் நீங்கள் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். போட்டோவை லொகேஷனோடு பேஸ்புக்கில் போடாதீர்கள், அடுத்த வாரம் யாராவது கடப்பாரையோடு வந்து நிற்பார்கள். கும்பிடுகிற கல்லைத் தொட வேண்டாம்.

நிஜமாகவே ஏதாவது கண்ணில் பட்டால்? எழுத்துள்ள ஓடு, காசு, முழுத் தாழியின் வாய் என்று ஏதாவது. "நாம கண்டுபிடிச்சோம்" என்று வீட்டுக்கு அள்ளி வருவதுதான் கடைசித் தப்பு. அப்படியே விட்டுவிட்டு, போட்டோவோடு கிராம நிர்வாக அலுவலரிடமோ பக்கத்து அரசு அருங்காட்சியகத்திலோ சொல்லுங்கள். 2006-இல் மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் தோட்டத்தில் குழி வெட்டும்போது கிடைத்த கற்கோடாலியைத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்ததால்தான், அதில் சிந்துவெளிக் குறியீடுகளை ஒத்த குறிகள் இருப்பதாகப் பேச்சே கிளம்பியது. கீழடியிலும் அகழாய்வு ஆரம்பித்தது 2015-இல்தான், ஆனால் 1970-களிலேயே கிணறு வெட்டியபோது வந்த பொருட்கள் பள்ளிப் பிள்ளைகள் மூலம் அவர்களுடைய ஆசிரியரிடம் போய், அவர் அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். இதை என் பிள்ளைகளிடம் சொன்ன நாளிலிருந்து கால்சட்டைப் பையில் ஓடு வருவது நின்றுவிட்டது.

எங்கள் மேட்டில் ஒற்றைப் பனைக்குப் பக்கத்தில் ஒரு விளிம்பு ஓடு கிடக்கிறது, கழுத்தைச் சுற்றிக் குயவரின் பெருவிரல் பதிந்த ஓடு. மகளின் விரல் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய் அது இருக்கிறதா என்று பார்ப்பாள். போன ஐப்பசியில் போனபோது ரெண்டாக உடைந்து கிடந்தது, பக்கத்தில் ஆட்டுக் குளம்படி. நோட்டில் தேதி போட்டு, யார் உடைத்தது என்ற இடத்தில் "ஆடு" என்று எழுதிக்கொண்டாள்.