கறுப்பு வெள்ளையிலிருந்து ஒரு வண்ணச் சனி

விண்கலங்கள் எடுத்த கோள் படங்களை இணையத்திலிருந்து இறக்கி, அப்படியே அச்சிட்டுப் பாடசாலையின் விஞ்ஞான அறையில் ஒட்டிவிடுவது எளிது. ஆனால் கசினி விண்கலம் அனுப்பிய மூலப் படங்களைக் கொண்டு சனிக் கோளின் வண்ணப் படமொன்றை மாணவர்களே உருவாக்கலாம் என்பதும், அதற்கு ஒரு சாதாரணக் கணினியும் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளும் போதும் என்பதும் பலருக்குத் தெரியாது. இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வானமே தெரியாத காலத்தில் ஒரு வானியல் கழகம் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கசினியின் கமராக்களுக்கு நிறம் தெரியாது. அவை 1024 புள்ளிக்கு 1024 புள்ளி அளவில் வெளிச்சத்தின் கூடுதல் குறைவை மட்டுமே பதிவுசெய்தன. வில்லைக்கும் உணரிக்கும் இடையே சுழலும் சக்கரங்களில் நிற வடிகட்டிகள் பொருத்தப்பட்டிருந்தன. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளினூடாக ஒரே காட்சியை அடுத்தடுத்து மூன்று முறை எடுத்து, பூமியில் அவற்றை ஒன்றுசேர்த்தால்தான் வண்ணப் படம் கிடைக்கும். 2004 ஜூலையில் சனியின் சுற்றுப்பாதையை அடைந்து, 2017 செப்டெம்பர் 15 அன்று அதன் வளிமண்டலத்தில் எரிந்துபோகும் வரை கசினி எடுத்த நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எவரும் பார்க்கும்படி காப்பகத்தில் உள்ளன.

நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தைச் சேர்ந்த ஓபஸ் (OPUS) என்ற தேடுகருவியில் சனியையும் அகலக்கோணக் கமராவையும் தெரிவுசெய்து, முறையே சிவப்பு, பச்சை, நீலத்தைக் குறிக்கும் ஆர்ஈடி (RED), ஜிஆர்என் (GRN), பிஎல்1 (BL1) என்ற மூன்று வடிகட்டிகளிலும் சில நிமிட இடைவெளிக்குள் எடுக்கப்பட்ட படங்களைத் தேடுங்கள். சனி ஏறக்குறைய பத்தரை மணித்தியாலத்தில் ஒருமுறை சுழல்வதால், இடைவெளி கூடினால் மேகங்கள் நகர்ந்துவிடும். துணைக்கோள்கள் உள்ள படங்களை முதல் முயற்சியில் தவிர்த்துவிடலாம். மூன்று படங்களுக்கும் இடையில் துணைக்கோள் நகர்ந்திருந்தால், சேர்த்த பின் அது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனிப் பொட்டுகளாக வரிசையில் நிற்கும். அதைத் திருத்துவது தனி வேலை. ஆனாலும் ஒருமுறை மாணவர்களுக்குக் காட்டுங்கள், வடிகட்டிச் சக்கரத்தைப் பற்றிய விளக்கமெல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

மூன்று படங்களையும் ஜிம்பில் ஒரே கோப்பினுள் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று லேயர்களாக (அடுக்குகளாக) திறந்து, கோப்பைக் கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை) முறைக்கு மாற்றுங்கள். மேல் லேயரின் ஒளிபுகாமையைப் பாதியாகக் குறைத்து, வளையத்தின் வெளி விளிம்பு கீழுள்ளதோடு பொருந்தும் வரை அம்புக்குறி விசைகளால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துங்கள். பொருத்தத்தைக் கோளின் விளிம்பில் பார்ப்பதைவிட, வளையங்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும், கசினி இடைவெளி எனப்படும் பிளவில் பார்ப்பது மேல். அங்கே ஒரு புள்ளி விலகினாலும் நிறக்கரை தெரிந்துவிடும். பின்னர் ஒளிபுகாமையை முழுமைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு லேயருக்கும் 'லேயர் டு இமேஜ் சைஸ்' கட்டளையைக் கொடுங்கள். இதைத் தவறவிட்டால் நீங்கள் நகர்த்தியது கணக்கில் வராது. கடைசியாகக் கலர்ஸ் மெனுவிலுள்ள கம்போனன்ட்ஸ் பிரிவில் கம்போஸைத் தெரிந்து, ஆர்ஈடி படத்தைச் சிவப்புக்கும், ஜிஆர்என் படத்தைப் பச்சைக்கும், பிஎல்1 படத்தை நீலத்துக்கும் ஒதுக்குங்கள்.

முதலில் வரும் நிறம் அநேகமாகச் சரியாக இருக்காது, ஏனெனில் ஓபஸிலிருந்து இறக்கும் முன்தோற்றப் (preview) படங்களின் பிரகாசத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நம்ப முடியாது. லெவல்ஸ் கருவியால் மூன்று நிறங்களையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். வளையங்கள் பெரும்பாலும் நீர்ப்பனியால் ஆனவையாதலால் அவை ஏறத்தாழ வெண்மையாகவும், சற்றே மணல் நிறம் கலந்தும் வரும் வரை மாற்றுங்கள். அப்போது கோளும் சந்தனக் குழம்பின் நிறத்துக்கு வந்துசேரும். 2004, 2005ஆம் ஆண்டுப் படங்களில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அப்போது சனியின் வட அரைக்கோளத்தில் குளிர்காலம். அங்கே மேலடுக்கில் புகார் குறைந்திருந்ததால் அப்பகுதி உண்மையாகவே நீலமாகத் தெரிந்தது. அதைப் பிழையென்று எண்ணி மஞ்சளாக்கிவிட வேண்டாம். வானத்தில் சிதறிக் கிடக்கும் நிறப் பொட்டுகளையும் சிறு கீறல்களையும் நட்சத்திரங்களென்று கொள்ளவும் வேண்டாம். அவற்றிற் பல, அண்டக்கதிர்கள் எனப்படும் விண்வெளித் துகள்கள் உணரியில் பட்ட தடங்கள்.

நிறத்தை எவ்வளவு தூரம் கூட்டலாம் என்பதில் நான் கஞ்சத்தனத்தின் பக்கம் நிற்கிறேன். வொயேஜர் 2 விண்கலம் 1989இல் எடுத்த நெப்டியூன் படங்கள், மேகங்கள் தெளிவாகத் தெரிவதற்காக நீலம் மிகுத்து வெளியிடப்பட்டன. அது நாளடைவில் மறந்துபோய் நெப்டியூன் கருநீலக் கோள் என்றே நிலைத்துவிட்டது. உண்மையில் அது யுரேனஸைப் போலவே வெளிறிய நீலப்பச்சை என்பதை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் மீண்டும் எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று. ஆகவே படத்தின் கீழ் விண்கலத்தின் பெயர், எடுத்த திகதி, பயன்படுத்திய வடிகட்டிகள், நிறத்தில் நீங்கள் செய்த மாற்றம், நாசா, ஜேபிஎல்-கால்டெக், ஸ்பேஸ் சயன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற உரிமைக் குறிப்பு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வையுங்கள்.

அச்சிடுவதற்கு ஏ4 அளவைத் தாண்ட வேண்டாம்; 1024 புள்ளிகள் அதற்குமேல் தாங்கா. கோளைச் சுற்றிய கறுப்பு முழுவதும் மையாகவே இறங்குவதால் சாதாரணத் தாள் நெளிந்துபோகும். நகரத்து ஸ்டூடியோவில் புகைப்படத் தாளில், பளபளப்பற்ற வகையில் எடுப்பதே நல்லது. நுவரெலியா போன்ற இடங்களில் வெளிச்சுவரின் உட்பக்கம் எப்போதும் ஈரம் கசியும் என்பதால் படத்தை அங்கே ஒட்டாமல், உட்சுவரில் ஒரு மரச்சட்டத்தில், சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும்படி தொங்கவிடுங்கள். லெமினேட் செய்வதானால் தாள் நன்றாக உலர்ந்த பிறகு செய்யுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிடும்.