அமெரிக்காவில் போன் மாற்றுவதற்கு முன்

உங்கள் செல்போன் சேவை நிறுவனத்தின் ஆப்பில் ‘அப்கிரேடுக்குத் தகுதி உண்டு’ என்று வந்தால், அந்த எண்ணில் புதுப் போன் எடுக்கலாம், அவ்வளவுதான். விளம்பரத்தில் பார்த்த தள்ளுபடி கிடைக்கும் என்று அர்த்தமில்லை. பல சலுகைகள் புது இணைப்புக்கு மட்டும். அது பொடி எழுத்தில்தான் இருக்கும்.

‘இலவச’ போன் என்பதும் பெரும்பாலும் போன் விலையைத் தவணையாகப் பில்லில் போட்டு, அதே தொகையை மாதாமாதம் கழித்துக் கொடுப்பதுதான். 720 டாலர் போனுக்கு 36 மாதம் என்றால், மாதம் 20 டாலர் கழியும். 20 மாதத்திலேயே பாக்கியைக் கட்டிவிட்டு மாற்றினால், சில திட்டங்களில் மீதி 16 மாதக் கழிவு, அதாவது 320 டாலர், போயே போச்சு. கடையில் இதைத் தானாகச் சொல்வார்கள் என்று நம்பாதீர்கள். “இப்போ மாத்தினா எவ்வளவு கழிவு போகும்?” என்று நேராகவே கேளுங்கள்.

ஃபேமிலி பிளானில் ஒவ்வொரு எண்ணுக்கும் தகுதி தனித்தனி. அப்பா எண்ணுக்கு இல்லாவிட்டாலும் மகள் எண்ணுக்கு இருக்கலாம்.