கரோட்டின் குறைவு என்றதும் மாத்திரையா?

எங்கள் உணவியல் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் குறிப்பேட்டைத் திருத்தும்போது, ரத்தத்தில் கரோட்டின் (கேரட், கீரை போன்றவற்றில் இருக்கும் நிறமி) அளவைப் பார்த்து ஆலோசனை சொல்வதில் நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் கண்ணில் படுகின்றன. கேரட் நல்லது, புகை கெட்டது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அளவைப் பார்த்து மாத்திரைக்குத் தாவுவது

ஜப்பானின் ஹொக்கைடோவில் 3,061 பேரை ஏறக்குறைய 12 ஆண்டுகள் கவனித்தார்கள். ரத்தத்தில் கரோட்டினாய்டு, அதாவது கரோட்டின் வகை நிறமிகள், அதிகம் இருந்தவர்கள் இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பது குறைவாக இருந்தது. சரி, அப்படியானால் மாத்திரை கொடுத்து அளவை ஏற்றிவிடலாமே? இப்படித்தான் நானும் நினைத்தேன்.

தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கும் லாரி ஓட்டுநர் ஒருவரை பீட்டா கரோட்டின் (கரோட்டினில் ஒரு வகை) மாத்திரை சாப்பிடச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து வந்து, மஞ்சள் பூத்த உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "கலர் ஏறிடுச்சும்மா, இனி நெஞ்சுக்குப் பயமில்லையே?" என்றார். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் அப்படியே இருந்தது. மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னேன். இன்றைக்கும் என் மீது எனக்குக் கோபம் ஆறவில்லை, ஏனென்றால் விடை எப்போதோ வந்துவிட்டது.

அமெரிக்காவில் புகைப்பவர்கள், புகைப்பதை விட்டவர்கள், கல்நார் தொழிலாளர்கள் என 18,314 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மொத்த மரணம் 17 சதவீதமும் கூடின. இதயநோய் மரணமும் கூடும் பக்கமே சாய்ந்தது. 1996-ல், முடிய 21 மாதம் இருக்கும்போதே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் 22,071 மருத்துவர்களில் ஒரு பாதிப் பேர் ஏறக்குறைய 12 ஆண்டுகள் பீட்டா கரோட்டின் சாப்பிட்டுப் பார்த்தும் இதயத்துக்கு ஒரு பலனும் இல்லை.

ஒருவர் எவ்வளவு கீரை, காய், பழம் சாப்பிடுகிறார், புகைக்கிறாரா, குடிக்கிறாரா, எடை என்ன என்பதெல்லாம் ரத்தத்தின் கரோட்டின் அளவு என்ற அந்த ஒற்றை எண்ணில் கலந்திருக்கிறது. புகைத்தாலே அளவு இறங்கும். மாத்திரையால் எண் ஏறலாம், அவர் வாழும் விதம் மாறாது.

கொலஸ்ட்ராலைப் பார்க்காமல் விடுவது

கரோட்டின் பெரும்பாலும் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளில் ஏறித்தான் ரத்தத்தில் சுற்றும். கொலஸ்ட்ரால் கூடியவருக்கு கரோட்டினும் கூடித் தெரியும். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள்.

ரத்த சாம்பிளை வெளிச்சத்தில் வைப்பது

வேண்டாம். கரோட்டின் சிதைந்துவிடும்.

எண்ணெய் கூடவே கூடாது என்பது

கொழுப்பு இல்லாமல் கரோட்டின் சரியாக உடம்பில் சேராது. கேரட்டையும் கீரையையும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளித்துச் சாப்பிடச் சொல்லுங்கள். தக்காளியும் எண்ணெயில் நன்றாக வதங்கட்டும், அதன் சிவப்பு நிறமியான லைக்கோபீன் அப்போதுதான் எளிதில் சேரும்.