ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு

மட்டக்களப்பில் கூரை ஒழுக்கு ஐப்பசியில் ஞாபகம் வரும், மாசியில் மறந்துபோகும். வாடைக்காற்றோடு மழை அடிக்கும்போது வாளி வைப்போம். வெயில் வந்ததும் வாளியை எடுத்துவிடுவோம். கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் மூன்று மாரி இப்படித்தான் போனது.

நான் செய்த பெரிய தவறு, சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே இருந்த ஓடுகளை மாற்றியது. நாலு ஓடு புதிதாகப் போட்டும் அதே இடத்தில் சொட்டியது. உள்ளே இறங்கிய தண்ணீர் நேரே கீழே விழுவதில்லை. ஓடு தங்கும் ரீப்பைச் சட்டத்தைத் தொட்டு, அதைத் தாங்கும் கைமரத்தில் இறங்கி, சரிவோடு ஓடி, ஓர் ஆணியோ பொருத்தோ தடுக்கிற இடத்தில்தான் சொட்டும். எங்கள் வீட்டில் தண்ணீர் நுழைந்த இடம் ஆறடி மேலே, முகட்டோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் சொட்டுகிற இடத்திலிருந்து சரிவின் மேற்பக்கமாகத் தேடுங்கள். சீலிங்குக்கு மேலே போக வழியிருந்தால், மழை பெய்யும்போதே டோர்ச் அடித்து, ஈரக் கோடு தொடங்கும் இடத்தைச் சோக்கால் குறித்துவையுங்கள். கால் வைப்பது மரத்தில், சீலிங் சீற்றில் அல்ல.

மழைக்குள் கூரையில் ஏற வேண்டாம். பாசி பிடித்த ஓடு எப்போது வழுக்கும் என்று சொல்லவே முடியாது. குறித்துவைத்ததை கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் திருத்தலாம். அப்போது சந்தேகம் இருந்தால், ஒருவர் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்த் தண்ணீர் விட, இன்னொருவர் உள்ளே நின்று பார்க்கலாம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது.

இரண்டாவது தவறு சீமெந்து. வெடிப்பைக் கண்டவுடன் ஓட்டுப் பொருத்தின் மேல் குழைத்து அப்பிவிடுகிறோம். ஓடு வெயிலில் விரியும், மழையில் சுருங்கும். சீமெந்து அதோடு அசையாது. ஒரு வருடத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்து, அதற்குள் தண்ணீர் உறிஞ்சி இறங்கும். பிறகு ஓர் ஓடு மாற்றப் போனால் பக்கத்து மூன்றும் சேர்ந்து உடையும். உடைந்ததை எடுத்துவிட்டு, அதே அச்சில் வந்த வேறு ஓடு போடுவதே வேலை. அச்சு மாறினால் பொருத்து இருக்காது.

சீற் கூரையில் ஒழுக்குப் பெரும்பாலும் ஆணியில்தான். நெளிவின் பள்ளத்தில் அடித்த ஆணி, தண்ணீர் ஓடும் வாய்க்காலிலேயே துளை போட்ட மாதிரி. மேட்டில்தான், வாஷரோடு அடிக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் சாதாரண ஆணி சீக்கிரமே துருவேறும். 1978 சூறாவளியைக் கண்ட அம்மம்மா சீற்றின் மேல் மண் மூட்டை வைக்கச் சொல்வார். காற்றுக்குப் பயந்து சொன்னது, பிழை சொல்ல முடியாது. ஆனால் மூட்டைக்குப் பின்னால் இலை தேங்கி, தண்ணீர் பொருத்துக்குள் ஏறியது. கூரைத் தண்ணீரை வாங்கும் பீலியிலும் அப்படித்தான் இலை தேங்கும். மாரிக்கு முன் வாரிவிட்டால் நுளம்பும் குறையும்.

தட்டையான கொங்கிறீட் பிளாட் கூரையென்றால் ஒரே ஒரு விஷயம்: உள்ளே கம்பி துருப்பிடித்து கொங்கிறீட் உப்பி விழுந்த இடத்தில், மேலால் பூசி மறைக்காதீர்கள். துரு உள்ளே தொடரும். உப்பியதைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசிய பிறகே பூச்சு. விழுந்த பகுதி பெரிதென்றால் விசயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

இனி சீலிங். நடுவில் தொங்கிக் கொண்டிருந்தால் மேலே தண்ணீர் நிற்கிறது. ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஒரு வாளித் தண்ணீர் சேர்ந்தாலே ஒரு சிறு பிள்ளையின் பாரம். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், தண்ணீர் லைற் வயர் வழியாகவும் இறங்கும். ஆட்களையும் சாமான்களையும் விலக்கி, பக்கவாட்டில் நின்று, பலகைத் தடியில் ஆணி கட்டி ஒரு சின்னத் துளை போட்டால் தண்ணீர் வாளிக்குள் இறங்கிவிடும்.

பழைய வீடுகளில் தட்டை அஸ்பெஸ்டஸ் சீற்தான் சீலிங். அதை உலர்ந்தபடி வெட்டவும் தேய்க்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடியது. நனைத்து, உடைக்காமல், முழுச் சீற்றாகவே இறக்குங்கள்.

கறைக்கு உடனே பெயின்ற் அடிப்பது வீண் செலவு. ஈரம் காய முன் அடித்த பெயின்ற் உரியும். காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும் பெயின்றை நேரே அடித்தால் மஞ்சள் கறை மறுபடி மேலே வரும். முதலில் எண்ணெய் அடிப்படையிலான பிறைமர், அப்புறம் நிறம்.

திருத்தியவுடனே சீலிங்கை மூடவும் வேண்டாம். எங்கள் ஹோலில் இரண்டடிச் சதுரத்துக்கு ஓட்டையாகவே விட்டோம். தீபாவளிக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னும் காசு சேரலையா?” என்று கேட்டார்கள். கார்த்திகை அடைமழை நாலு நாள் பெய்தது. டோர்ச்சை அடித்துப் பார்த்தேன், ரீப்பை காய்ந்து கிடந்தது. பொங்கலுக்கு முன் மூடினோம்.